திருப்பக் கூடாத தொட்டி

ஒரு மனிதனிடம் "இந்தத் தொட்டியை மட்டும் திருப்பாதே" என்று சொல்லிவிட்டுப் போனால் அவன் என்ன செய்வான்? திருப்புவான். இது எனக்குத் தெரியாத விஷயமா? இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். "கிளட்ச்சை விடாதீங்க" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் கிளட்ச்சை விடுகிறவர்களை வைத்துத்தான் என் பிழைப்பே ஓடுகிறது. இருந்தும் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் காகிதத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து, சமையலறைக் கதவில் ஒட்டியும் வைத்தேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

சொன்னது என் சகலையிடம், அதாவது என் மனைவியின் தங்கை கணவரிடம். இரண்டு தெரு தள்ளி முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. கையில் கத்தரிக்கோல் இருந்தால் அதுவும் சும்மா இருக்காது. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. எங்கள் ஊர் இலைச்செடிக் கண்காட்சியில் கோலியஸ் பிரிவில் நான்கு வருடமாக முதல் பரிசு அவருக்குத்தான். நான்கு வருடமாக இரண்டாம் பரிசு யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கோலியஸ் வளர்க்காதவர்களுக்கு இந்தப் பைத்தியம் புரியாது. பூச்செடி வளர்க்கிறவன் பூவுக்காகக் காத்திருக்க வேண்டும். எங்களுக்கு அந்தக் காத்திருப்பே கிடையாது. இலையே பூ. கருஞ்சிவப்பு, செங்கல் நிறம், கிளிப்பச்சை, ரோஸ், சில இலைகளில் இந்த எல்லாமும். காலை வெயில் இரண்டு மணி நேரம் விழுந்தால் போதும், நிறம் பளீரென்று ஏறும். மதிய வெயிலில் வைத்தால் வெளுத்து ஓரம் கருகும். தண்ணீர் மறந்தால் துணி மாதிரித் தொங்கி நாடகம் ஆடும். ஒரு குவளை ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் நிமிர்ந்து நிற்கும். நுனியைக் கிள்ளக் கிள்ள இரண்டிரண்டாகக் கிளைத்துப் புதராகும். பூக்காம்பு எட்டிப் பார்த்தால் தயங்காமல் கிள்ளி எறிய வேண்டும், இல்லையென்றால் செடி இலையை மறந்துவிடும். ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டால் ஒரு வாரத்தில் வேர். இவ்வளவு சுலபமான செடியில் முதல் பரிசு வாங்க முடியவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அப்படி இருக்கும்போதுதான் இரண்டு மாதத்துக்கு முன்னால் அது நடந்தது.

என்னிடம் போட்டிக்கென்று வளர்த்த ஒரு செடி உண்டு. முழுக்கக் கருஞ்சிவப்பு இலை, ஓரத்தில் நூல் பிடித்தாற்போல் பச்சைக் கோடு. ஒரு நாள் காலை பால்கனியில் பல் தேய்த்துக்கொண்டே பார்க்கிறேன், அதன் ஒரு கிளையில் மட்டும் வேறு மாதிரி இரண்டு இலைகள். நடுவில் கிளிப்பச்சை. நரம்பெல்லாம் ரோஸ். ஓரம் மட்டும் பழைய கருஞ்சிவப்பு, அதுவும் ரம்பம் அறுத்தது மாதிரி. பற்பசையை விழுங்கிவிட்டேன்.

கோலியஸில் இப்படி எப்போதாவது நடக்கும். ஒரே செடியில் ஒரு கிளை மட்டும் தன்னிஷ்டத்துக்கு நிறம் மாறிவிடும். பெரும்பாலும் அசிங்கமாக மாறும். எப்போதோ ஒரு முறை, யாருக்கோ ஒருவருக்கு, உலகத்தில் யாரிடமும் இல்லாத இலை வரும். நான் புத்தகங்களைப் புரட்டினேன். நர்சரிகளுக்குப் போய் ஒன்றும் தெரியாதவன் மாதிரி மேசை மேசையாகப் பார்த்தேன். இந்த இலை எங்குமே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கற்றுக்கொள்ள வந்த ஒருவர் அன்று காரைச் சுவரில் முட்டினார். "பரவாயில்லைங்க, சுவர்தானே" என்றேன்.

யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொன்னால் தங்கைக்குப் போகும், தங்கைக்குப் போனால் சகலைக்குப் போகும். கண்காட்சி மேடையில் அந்தச் செடியை வைத்து, சகலையின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். இது ஒன்றுதான் என் கனவு. அந்தக் கிளையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். கிளை மூன்று கணு வளர்ந்தது. வெட்டித் தண்ணீரில் போட்டு இன்னொன்று உண்டாக்கியிருக்கலாம். கை வரவில்லை. மேடையில் செடியோடு இருந்தால்தானே கம்பீரம் என்று விட்டுவிட்டேன். பேராசை, வேறென்ன!

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின திங்கள் முதல் வியாழன் வரை ஓட்டுநர் பயிற்சியாளர்களுக்கெல்லாம் வெளியூரில் வகுப்பு. மனைவியும் கூட வந்தாள். சாவி மச்சினியிடம், தண்ணீர் ஊற்றும் வேலை சகலையிடம். பதினோரு குறிப்புகள் எழுதினேன். மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊற்றவும். இலைக்கடியில் வெள்ளைப் பூச்சி இருக்கிறதா பார்க்கவும். பதினோராவது: சுவரோரத் தொட்டியைத் திருப்பக் கூடாது.

வியாழன் மாலை வீட்டுக்கு வந்து, பெட்டியைக்கூட இறக்காமல் பால்கனிக்கு ஓடினேன். தொட்டி திரும்பியிருந்தது. செடி பந்து போல, கிண்ணத்தைக் கவிழ்த்தது போல, நாலு பக்கமும் கச்சிதமாக இருந்தது. அந்தக் கிளை இருந்த இடத்தில் சாய்வாக, சுத்தமாக, ஒரு வெட்டு.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அது எனக்குத்தான் எழுதியது போலிருந்தது. என் மனைவி ஏதோ கேட்டாள். அதற்குள் நான் படியிறங்கி ஓடிவிட்டேன்.

கடையில் ஒருவர் பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தார். சகலை கத்தியும் கையுமாக நின்றார்.

"அந்தக் கிளை எங்க?" என்றேன்.

"வாங்க சகலை, எப்ப வந்தீங்க? எந்தக் கிளை?"

"திருப்பாதீங்கன்னு எழுதியிருந்தேனே, அந்தத் தொட்டியில இருந்த கிளை!"

"ஓ, அதுவா? வெட்டிட்டேன்." முகமெல்லாம் பெருமை. "திருப்பாதேன்னு எழுதினா யாருதான் திருப்பாம இருப்பாங்க? நல்லவேளை திருப்பினேன். பின்னாடி ஒரு கிளை மட்டும் வேற நிறத்துல ஓடியிருந்துச்சு. நீங்க கவனிக்கலை போல. போட்டிக்குப் போற செடியாச்சே, அதுல போய் ஒரு கலப்புக் கிளை இருந்தா..."

"யோவ்!"

கல்யாணமான நாளிலிருந்து "வாங்க போங்க" என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம். அன்று அந்த மரியாதையெல்லாம் காற்றில் பறந்தது. "கலப்பா? அது புது இலைய்யா! ரெண்டு மாசமா பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். உனக்குத் தெரியாமலா வெட்டினே? நாலு வருஷமா கோப்பை உன் வீட்டுலதான் தூங்குது. அஞ்சாவது வருஷம் போயிடுமேன்னு பொறாமை!"

நுரைக்காரர் மெதுவாக எழுந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாதி மீசையோடு வெளியே போனார்.

சகலை அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"புதுசா?" என்றார். "நிஜமாவே எங்கயும் இல்லாததா?"

"இல்லவே இல்லை."

"ஏன் சகலை எங்கிட்ட சொல்லலை?"

வேறு பக்கம் பார்த்தேன். அவரே தலையில் அடித்துக்கொண்டு எழுந்தார். "தூக்கிப் போடலை. வெட்டினதை நான் எப்ப தூக்கிப் போட்டிருக்கேன்?"

கண்ணாடிக்கு முன்னால் சீப்புகளுக்கு நடுவே வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கோலியஸ் துண்டு. முடி வெட்டிக்கொள்ள வருகிறவர் எதையாவது பார்த்து "நல்லா இருக்கே" என்றால் போதும், பாட்டிலோடு எடுத்துக் கொடுத்துவிடுவார். அது அந்தக் கடையின் வழக்கம். நான் ஒவ்வொரு பாட்டிலாகப் பார்த்தேன். என் இலை இல்லை.

"நேத்து சாயங்காலம் ஒருத்தர் கேட்டார்," என்றார் சகலை. "குடுத்துட்டேன்."

"யாரு?"

"முதல் தடவை வந்தவர். பேரு தெரியாது."

"ஆள் எப்படி இருப்பார்?"

சகலை கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "ரெட்டைச் சுழி. வலது சுழி பெருசு, இடது சின்னது. பின்கழுத்துல முடி மேல்நோக்கி வளரும். இடது காதுக்குப் பின்னாடி அரை அங்குலத் தழும்பு."

"மூஞ்சி?"

"மூஞ்சியை யாரு பார்த்தா?"

எனக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. கண்ணைத் திறந்து, விரலை உயர்த்தினார். "இருங்க, இருங்க. தலையைக் கழுவினப்போ மரத்தூள் வந்துச்சு. சன்னத் தூள். தச்சருக்கு இவ்வளவு சன்னமா வராது. அதோட தங்கநிறப் பெயின்ட் துளி. ரெண்டு முடியில ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேன்னுச்சு." எழுந்தே நின்றுவிட்டார். "படத்துக்குச் சட்டம் போடுறவர், சகலை! வேற யாருக்கும் இது ரெண்டும் ஒண்ணா வராது!"

அந்த நிமிடம் கோபத்தில் பாதி எங்கே போனதென்று தெரியவில்லை. துப்பு கிடைத்த சந்தோஷம் அப்படிப்பட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் வகுப்புகளைத் தள்ளி வைத்தேன், சகலை கடையைச் சாத்தினார். என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "ஊர்ல இருக்கிற தலையெல்லாம் எண்ணிட்டு வாங்க," என்றாள். "அதுக்குள்ள சண்டை போட்டு ரெண்டு தலை உருளாம பார்த்துக்கங்க."

பயிற்சி வண்டியில்தான் கிளம்பினோம், கூரையில் எல் பலகையோடு. நான் ஓட்ட, சகலை என் இடத்தில், அதாவது பயிற்சியாளர் இடத்தில். அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. சகலை என்னிடமே படித்து மூன்று முறை தேர்வில் தோற்றவர். பிரேக்கை மட்டும் நன்றாக மிதிப்பார்.

சட்டம் போடும் கடைகள் ஊரில் ஐந்து. முதல் கடையில் ஒரு பெண். இரண்டாவது கடையில் வழுக்கை. மூன்றாவது கடையில் மூன்று ஆண்கள் இருந்தார்கள். சகலை உள்ளே போய், வணக்கம்கூடச் சொல்லாமல், "கொஞ்சம் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றார். மூவரும் திரும்பினார்கள்! போலீஸ் என்று நினைத்திருப்பார்கள் போல. ஒருவருக்கும் ரெட்டைச் சுழி இல்லை. "சரி, வேலையைப் பாருங்க" என்று வெளியே வந்தார். "ஏய், யாருடா நீ?" என்ற குரல் வருவதற்குள் நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

நான்காவது கடை பூட்டியிருந்தது. எனக்கு உள்ளுக்குள் நம்பிக்கை வடிந்துகொண்டிருந்தது. துண்டு வெட்டி மூன்று நான்கு நாள் ஆகியிருக்கும். எங்கே வைத்திருப்பாரோ, தண்ணீர் மாற்றுவாரோ மாட்டாரோ.

"உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்றேன் சாலையைப் பார்த்தபடி.

"பேசினது சரியில்லைதான். ஆனா 'நீ'ன்னு கூப்பிட்டீங்க பாருங்க, அது நல்லா இருந்துச்சு. அதையே வச்சுக்கலாம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தவர் திடீரென்று கத்தினார். "அதே தலை!"

கத்தியதோடு தன் பக்கப் பிரேக்கை ஒரே மிதி. வண்டி நடுச்சாலையில் நின்றது. என் மூக்கு ஸ்டியரிங்கில் இடித்தது. பின்னாலிருந்து ஹாரன்கள். சகலை கதவைத் திறந்துகொண்டு ஓடினார். தெருவோரம் சின்னக் கடை ஒன்றில் ஒருவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார். ஓடுகிற வண்டியிலிருந்து, அந்தத் தூரத்தில், அந்த மனுஷன் சுழியைப் பார்த்திருக்கிறார்! தொழில் என்றால் அதுதான் தொழில்.

வண்டியை ஓரம் கட்டிவிட்டு நானும் ஓடினேன். சட்டக்காரர் நிமிர்ந்து, சகலையைப் பார்த்துச் சிரித்தார். "வாங்க! வெட்டு நல்லா இருக்குன்னு வீட்ல சொன்னாங்க."

நான் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. ஜன்னலில் என் இலை இருந்தது. மதிய வெயில் நேராக அதன்மேல் விழ, பாட்டிலில் பாதித் தண்ணீர் வற்றி, இலைகள் நனைந்த காகிதம் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தன.

சகலைதான் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கடையின் பின்பக்க நிழலுக்குப் போனார். தண்ணீரை மாற்றினார். அங்கே கிடந்த செய்தித்தாளை நனைத்துக் கூடாரம் போல் மேலே கவிழ்த்தார். "இனிமே யாரும் தொடாதீங்க" என்று தரையில் உட்கார்ந்துகொண்டார். நானும் உட்கார்ந்தேன். சட்டக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவரும் உட்கார்ந்தார். நாங்கள் மூன்று பேரும் ஒரு மணி நேரம் ஒரு செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இடையில் நான் கதையைச் சொல்லி முடித்தேன்.

சகலை காகிதத்தைத் தூக்கினார். இலைகள் நிமிர்ந்திருந்தன. கிளிப்பச்சையும் ரோஸுமாக, ஓரம் சற்றே கருகி, ஆனால் உயிரோடு. நான் சட்டக்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

அவர் என்னை மெதுவாக விலக்கினார். "ஆனா குடுத்தது குடுத்ததுதானே?" என்றார். "நாள் முழுக்க அடுத்தவங்க படத்துக்குச் சட்டம் போடுறேன். என் கடையில உயிரோட இருக்கிற பொருள் இது ஒண்ணுதான்."

நியாயமான பேச்சு. எனக்கு அழுகை வந்தது, சொன்னால் என்ன. சகலை பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அடிக்கணுவுல வெள்ளையா வேர்ப்புள்ளி வந்திருக்கு. அடிக்கணுவுக்கு மேல வெட்டினா அடித்துண்டு உங்களுக்கு. அந்த ரெண்டு இலையிடுக்குலயும் கிளை வரும். மேல்துண்டு எங்களுக்கு. சம்மதமா? வெயில்ல மட்டும் வைக்காதீங்க, காலை வெளிச்சம் போதும்."

சட்டக்காரர் தலையாட்டினார். சகலை சட்டைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். 'க்ளிக்' என்று ஒரு சத்தம்தான் கேட்டது.

சனிக்கிழமை முழுக்க அந்தத் துண்டு என் சமையலறை மேடையில் இருந்தது. இப்போது புதுக் கவலை. நுனியில் நெல்மணி அளவுக்கு ஒரு மொட்டு, இருட்டு நிறத்தில் மூடியே கிடந்தது. அது விரிந்து பழைய கருஞ்சிவப்பாக வந்தால் போச்சு. செடி பழைய புத்திக்குத் திரும்பிவிட்டது என்று பொருள். புது நிறத்திலேயே விரிந்தால்தான் இந்த இலையை நம்பலாம். சகலை மணிக்கொரு தரம் போன் செய்தார். "விரிஞ்சுதா?" "இல்லை." "இப்ப?" பிரசவ அறை வாசலில் நிற்கிறவர்கூட இவ்வளவு கேட்கமாட்டார். அவருடைய செடிக்கு அன்று தண்ணீர் ஊற்றினாரா என்றே எனக்குச் சந்தேகம்.

ஞாயிறு காலை இரண்டு செடிகளையும் பின் இருக்கையில் வைத்து, இரண்டு சகோதரிகளையும் ஆளுக்கொன்று பிடித்துக்கொள்ளச் சொன்னோம். சகலை முன்னால், மடியில் பாட்டில். சிக்னலில் நின்றபோது வெயில் சாய்வாக உள்ளே விழுந்தது.

"சகலை," என்றார், மூச்சு விடாமல். "நடுவுல பாருங்க."

குனிந்து பார்த்தேன். மொட்டு வாய் பிளந்திருந்தது. உள்ளே இரண்டு குட்டி இலைகள். நடுவில் கிளிப்பச்சை! ஊசி முனை அளவு ரோஸ்! நான் கத்தினேன், சகலை கத்தினார், காரணம் தெரியாமல் பின்னால் இருவரும் கத்தினார்கள். விளக்கு பச்சையாகி மறுபடி சிவப்பாகிவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தவர்கள் எல் பலகையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போனார்கள்.

கண்காட்சிக் கூடத்தில் செடியையும் பக்கத்தில் பாட்டிலையும் மேசையில் வைத்தபோதுதான் சுவரில் ஒட்டியிருந்த விதிகளைப் பார்த்தேன். நான்கு வருடமாக வந்துபோகிறேன், ஒரு தடவைகூட அதைப் படித்ததில்லை. மூன்றாவது விதி: ஒரு தொட்டியில் ஒரே வகை இலைதான் இருக்க வேண்டும்; வேறு நிறக் கிளை ஒன்று இருந்தாலும் செடி போட்டியிலிருந்து நீக்கப்படும்.

நான் கனவு கண்டபடி அந்தக் கிளையோடு கொண்டுவந்திருந்தால் மேடை வரைக்கும்கூடப் போயிருக்கமாட்டேன். வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். கடையில் சகலை இதைத்தான் சொல்ல வந்திருக்கிறார். நான்தான் "யோவ்" என்று கத்தி வாயை அடைத்துவிட்டேன்.

நடுவராக, ஊரில் நர்சரி வைத்திருக்கும் ஓர் அம்மா வந்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து ஒவ்வொரு செடியையும் சுற்றி வருவார், ஒரு வார்த்தை பேசமாட்டார். சகலையின் செடிக்கு முன்னால் நின்றார். என் செடிக்கு முன்னால் நின்றார். திரும்பிப் போனார். மறுபடி வந்தார். பிறகு, கையிலிருந்த சிவப்பு அட்டையை என் தொட்டியில் சாய்த்து வைத்தார். முதல் பரிசு.

"எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வடிவம்," என்றார். "எங்க வெட்டணும்னு தெரிஞ்ச கை."

அந்தக் கை என்னுடையது இல்லை. அதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் கூடமே அதிரும்படி ஒரு விசில். சகலை நாற்காலி மேல் ஏறி நின்று விசிலடித்துக் கைதட்டிக்கொண்டிருந்தார், கையில் தன்னுடைய இரண்டாம் பரிசு அட்டையோடு. அங்கிருந்தபடியே, "அம்மா, அந்தப் பாட்டிலையும் பாருங்க!" என்று கத்தினார்.

நர்சரி அம்மா பாட்டிலைக் கையில் எடுத்தார். கண்ணாடியை மேலே தள்ளினார். முப்பது வருடமாக இலை பார்த்த கண், அது விரிந்த விதத்தை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். "இது எங்க கிடைச்சது?" என்றார். சொன்னேன். "நான் பார்த்ததில்லை. குடுங்க, நான் பெருக்கிப் பார்க்கிறேன். இப்படியே வந்துக்கிட்டு இருந்தா மூணு மாசத்துல என் மேசையில நூறு செடி நிக்கும்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கண்ணில் நீர் வந்து எல்லாம் மங்கலாகிவிட்டது. யாரோ என் கையில் கொடுத்த முதல் பரிசுக் கோப்பையை மனைவி வாங்கித் தங்கையிடம் காட்டினாள். இருவரும் சின்னப் பெண்கள் மாதிரிக் குதித்தார்கள்.

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் சகலையைத் தனியே இழுத்தேன். "நீ அந்தக் கிளையைப் பார்த்தே. வெட்டாம விட்டிருந்தா என்னை நீக்கியிருப்பாங்க. வெட்டினா நான்தான் ஜெயிப்பேன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் ஏன்யா வெட்டினே?"

சகலை இரண்டாம் பரிசு அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். "நான் முதல் கோப்பை வாங்கின வருஷத்துலேர்ந்து நீங்க என் கடைக்கு முடி வெட்டிக்க வர்றதில்லை. எங்கயோ வேற கடைக்குப் போறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்க. நீங்க வீட்டுக்கு வந்து உக்கார்ற ஒவ்வொரு தடவையும் உங்க பின்கழுத்தைப் பார்ப்பேன். யாரோ கண்டபடி வெட்டி அனுப்பியிருப்பான். எனக்கு மனசு ஆறாது." அதற்கு மேல் குரல் விளையாட்டாக இல்லை. "ஒரு தடவை ஜெயிச்சுட்டா வந்துடுவீங்கன்னு நெனச்சேன்."

நான்கு வருடம். இரண்டு மைல் தள்ளி ஒரு கடைக்குப் போய், அங்கே ஒருவன் கண்டபடி வெட்ட, அதற்குக் காசும் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருக்கிறேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, இந்த மனிதன் மேல் எனக்கு இருக்கிற அன்பு அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கார் சாவியை எடுத்தேன். "எங்கே கிளம்பிட்டீங்க? இன்னும் போட்டோ எடுக்கலையே!" என்றாள் மனைவி.

"நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க, நாங்க வந்துடுறோம்," என்றேன். சகலையின் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தேன். "வா. வந்து கடையைத் திற."